பெரியண்ணையின் ஊரில் ஹோட்டல் எடுத்த கதை

அந்த வியாழக்கிழமை பின்னேரம் பலேர்மோவில் ஹோட்டல் மேசைக்கு முன்னால் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், இவர், இவருடைய அண்ணன் பெரியண்ணை, அவரின் மனைவி புவனமக்கா. மேசைக்கு அந்தப் பக்கம் வழுக்கைத் தலையோடு ஓர் இத்தாலிக்காரர். எங்களுக்கு அங்கே அறை இல்லை என்பது இந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரியாது. நானும் இவரும்.

இரண்டு நாளுக்கு முன்பே பெரியண்ணை தொலைபேசி எடுத்து அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "வான் கொண்டுவந்து ஆக்களை ஏத்தவேணும், எந்த ஹோட்டல் பிள்ளை?" என்று லண்டனில் இருக்கும் எங்கள் மகள் அபியிடம் கேட்டுப் பெயரை வாங்கியிருக்கிறார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே தகப்பன் பெயர். இருபது வருட இத்தாலி மொழி வேறு. ஹோட்டல்காரர் நம்பிவிட்டார். எங்கள் அறையில் இப்போது ஜெர்மன்காரர் இருவர் இருந்தார்கள்.

"என்ர தம்பி இந்த ஊருக்கு வந்து ஹோட்டலில படுத்தவன் எண்டு நாளைக்குச் சனம் கதைக்கட்டோ?" என்றார் பெரியண்ணை. கோபமே இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்கள் பெட்டிகளில் ஒன்று ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

"வீட்டில நண்டுக் குழம்பு ஆறுது. வாங்கோ," என்றார் புவனமக்கா.

இவர் என்னைப் பார்த்தார். அண்ணனுக்கு முன்னால் இவருக்கு வாய் வராது. அன்றைக்கு மட்டுமல்ல, முப்பது வருடமாக அப்படித்தான். ஆகவே நான் சொன்னேன்: "பெட்டியை வையுங்கோ பெரியண்ணை. நாங்கள் வேற ஹோட்டல் பாப்பம்."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். பயந்த சுபாவம். லண்டன் நோர்பரியில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்புவரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்ட நான் அன்று ஏன் அந்தப் பிடி பிடித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவரே எழுதச் சொல்லிவிட்டார், இனி மறைக்க ஒன்றுமில்லை.

அந்த வருடம் மாசியில் இவருக்குக் குடலில் கட்டி என்று வெட்டி எடுத்தார்கள். குடலின் வாயை வயிற்றின் இடது பக்கம் கொண்டுவந்து ஒரு பை பொருத்தினார்கள். போவதெல்லாம் அந்தப் பைக்குள்தான். நாளுக்கு நாலைந்து தரம் வெறுமையாக்க வேண்டும், மாற்ற வேண்டும், கழுவ வேண்டும். அதற்குக் கதவுள்ள, பூட்டுள்ள, யாரும் தட்டாத ஒரு கக்கூஸ் வேண்டும். இதை இவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. பெரியண்ணையின் மகள் கலியாணத்துக்குப் பலேர்மோ போவதென்று முடிவானதும், அண்ணனுக்குச் சொல்லவே கூடாது என்று என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"அண்ணை அழுவார். பிறகு அது பிள்ளையின்ர கலியாணம் இல்லை, என்ர வருத்தம் பாக்க வந்த வீடு. நான் சித்தப்பாவா நிக்கவேணும். நோயாளியா நிக்க ஏலாது."

பெரியண்ணையின் வீடு பலாரோ சந்தைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி. மூன்று அறை. கலியாணத்துக்கு ஜெர்மனியிலும் சுவிசிலும் இருந்து வந்த சனம் பாய் விரித்துக் கிடந்தது. கக்கூஸ் ஒன்று. அதன் பூட்டு உடைந்து, உள்ளே போகிறவர் பாட்டுப் பாட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். புவனமக்காவே தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னதுதான். அதைக் கேட்ட அன்றே அபியிடம் ஹோட்டல் எடுக்கச் சொன்னேன்.

சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டல் எடுப்பது எங்கள் ஆட்களிடம் சின்ன விஷயமில்லை. அடித்ததை மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள். அதிலும் பெரியண்ணை. இவரை லண்டனுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசு, இந்த ஊரில் ஒரு கிழவியின் வீட்டு நிலத்தைத் துடைத்துச் சேர்த்தது. அந்தக் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினேன்.

*

பலேர்மோவின் பழைய பகுதி, நாலு மூலையிலும் கல்லுச் சிலை வைத்துக் கட்டிய ஒரு சந்தியைச் சுற்றி விரிந்து கிடக்கிறது. அரண்மனை மாதிரியான சுவர்கள். அதில் உடுப்புக் காயப்போட்டிருக்கிறார்கள். லண்டனில் இப்படியொரு கட்டடம் இருந்தால் வாசலில் கயிறு கட்டி உள்ளே போகக் காசு வாங்குவார்கள். இங்கே அதன் கீழே ஒருவர் மீன் வெட்டுகிறார்.

புவனமக்கா கோபித்துக்கொண்டு வானுக்குள் போய் இருந்துவிட்டார். பெரியண்ணை எங்களோடு வந்தார். தனியே விட்டால் ஏமாற்றிவிடுவார்களாம்.

முதல் ஹோட்டலில் லிப்ட் இல்லை. நாலு மாடி ஏறிப் போனால் அறை அழகு, கக்கூஸ் நடையின் கடைசியில். ஆறு அறைக்கு ஒன்று. வேண்டாம் என்றேன். இரண்டாவதில் கக்கூஸ் உள்ளேயே இருந்தது, ஆனால் அதற்குச் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி. இருக்கிறவரின் நிழல் கட்டிலில் விழும். யார் இதைக் கட்டச் சொன்னார்கள் என்று கேட்டேன். புதுப் பாணி என்றார்களாம். மூன்றாவது கன்னியாஸ்திரிகள் நடத்துவது. சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம், ஆனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

நாலாவது, ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடியில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு விதவை நடத்தும் ஏழெட்டு அறை. அறையைக் கதவு திறந்து காட்டினார். சுவரில் பூ வேலை, உயரக் கூரை, கட்டிலைப் பார்த்தால் கோயில் சப்பரம். நான் கட்டிலைத் தாண்டிப் போய்க் கக்கூஸ் கதவைத் திறந்தேன். பூட்டிப் பார்த்தேன். உள்ளே நின்று இவரை வெளியே இருந்து தள்ளச் சொன்னேன். தண்ணீர் இழுத்துப் பார்த்தேன், திரும்பவும் நிரம்ப எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். யன்னல் இருந்தது. மூடியுள்ள குப்பை வாளி இருந்தது. பை வைக்க ஒரு தட்டும் இருந்தது.

விதவை பெரியண்ணையிடம் ஏதோ சொன்னார். அவர் மொழிபெயர்த்தார்: "இவ கட்டிலையே பாக்கேல்ல, கக்கூஸ் சோதிக்கக் கவுன்சிலில இருந்து வந்தவவோ எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

"நான் வேற சொல்லிப்போட்டன்."

"என்ன?"

"இவவுக்குக் கொஞ்சம் விசர், பாவம், என்ர தம்பி சமாளிச்சுக்கொண்டு போறான் எண்டு."

இவர் சிரித்தார். மாசிக்குப் பிறகு இவர் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். விசர் என்றால் விசர் என்று விட்டுவிட்டேன். ஓர் இரவுக்கு எழுபது யூரோ. மூன்று இரவு. விதவை காசு போகும்போது போதும் என்றார். பெரியண்ணை மற்றப் பெட்டியைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே படியிறங்கினார்.

அன்றிரவு நண்டுக் குழம்பு கிடைக்கவில்லை. பாண் ரொட்டியும் தக்காளியும் வாங்கிச் சாப்பிட்டோம். இவர் கக்கூஸில் அரை மணித்தியாலம் இருந்தார். ஒருவரும் தட்டவில்லை. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, நாளைக்குப் புவனமக்கா என்ன கேட்பார், நான் என்ன சொல்லுவேன் என்று விடியும்வரை மனதுக்குள் வழக்காடினேன்.

*

வெள்ளிக்கிழமை வெயில். கலியாணம் சனிக்கிழமைதான். கடற்கரை பார்ப்போம் என்று இவரே கேட்டார். ஆறு மாதமாக வீட்டை விட்டு அசையாத மனிசன் கேட்கும்போது மறுக்க ஏலுமா? கையில் மாற்றுப் பை, டிஷ்யூ, ஒரு போத்தல் தண்ணீர், மாற்றுச் சேட்டு எல்லாம் எடுத்துக்கொண்டேன். இரண்டுதரம் திறந்து பார்த்தேன்.

தெருவில் ஒருவர் கடலை மாவைக் களியாகக் கிண்டி, மெல்லிய துண்டாக வெட்டி, எண்ணெயில் பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்றார். எலுமிச்சம்புளி பிழிந்து தந்தார். ஒரு பச்சைமிளகாய் மட்டும் இருந்திருந்தால் எங்கள் ஆள் என்று சொல்லியிருப்பேன். பக்கத்துச் சட்டியில் மாட்டின் மண்ணீரல் கொதித்தது. அந்தப் பக்கம் மூக்கைக் கொண்டுபோகவில்லை. இவர் கடலைப் பாண் ஒன்று முழுதாகச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. உள்ளே போனது வெளியே வரத்தானே வேண்டும்.

பஸ்ஸில் ஏறியதும் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். லண்டனில் சாரதிக்குக் காட்டிவிட்டால் அதோடு முடிந்தது. இங்கே உள்ளே இருக்கிற ஒரு பெட்டியில் அதைக் குத்த வேண்டுமாம். நடுவழியில் பரிசோதகர் ஏறி, குத்தாத சீட்டைப் பார்த்துத் தண்டம் என்றார். நான் காசுப்பையைத் திறந்தேன். பின்னால் இருந்த ஒரு கிழவி எழும்பி வந்து அவரோடு சண்டை பிடித்தார். கிழவியோடு சேர்ந்து மற்றவர்களும் பிடித்தார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்த படிக்கிற பெட்டை ஆங்கிலத்தில் சொன்னாள்: "உன் அம்மா வெளிநாடு போனால் அவளுக்கு எல்லாம் தெரியுமா என்று கேட்கிறார்." பரிசோதகர் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார். எங்கள் லண்டன் பஸ்ஸென்றால் எல்லாரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

கடல் பச்சையும் நீலமுமாக இருந்தது. இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால் நனைத்தார்.

திரும்பும்போதுதான் வந்தது வில்லங்கம். பஸ் பழைய நகரத்துக்குள் ஓர் ஒடுக்க வீதியில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு காரை நடுவில் விட்டுவிட்டு யாரோ போய்விட்டார். சாரதி ஹோர்ன் அடித்தார். பின்னால் நின்ற எல்லா வாகனமும் அடித்தன. யாரும் வரவில்லை. சாரதி இறங்கி ஒரு கடைக்குள் போய்க் கோப்பி குடித்தார். வெகுநேரம் கழித்து, சலூனிலிருந்து ஒருவர் பாதி முகம் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்து, ஒரு நிமிடம் என்று ஒரு விரலைக் காட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார்.

அப்போது இவரின் இடது கை சேட்டுப் பொத்தானுக்குப் போனது. அந்தக் கை அங்கே போனால் நேரமில்லை என்று அர்த்தம்.

"இறங்குவம்," என்றேன்.

"நடக்கலாமோ தெரியேல்ல."

"நடக்கலாம். என்னில பிடியுங்கோ."

இறங்கினோம். சந்தை வழியாகத்தான் குறுக்கு வழி. வாள்மீன் தலை, மலை மாதிரிக் கத்தரிக்காய், கூவி விற்கிறவர்களின் தொண்டை, ஒன்றையும் பார்க்கவில்லை. இவர் முகம் வெளுத்து வேர்த்திருந்தது. ஒரு மூலையைத் திரும்பினால், நேரே மேலே பெரியண்ணையின் பல்கனி. அதில் புவனமக்காவும் சுவிஸ் ஆட்களும் வாழையிலை துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, ராணி, வாங்கோ மேல," என்று புவனமக்கா கையைக் காட்டினார்.

மூன்று மாடி. பூட்டில்லாத கக்கூஸ். வெளியே ஒரு வீட்டுச் சனம். ஹோட்டல் இன்னும் இரண்டு தெரு தள்ளி. இவர் நிற்கப் பார்த்தார். நான் இவரின் முழங்கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். மேலே பார்க்கவில்லை. கையைக்கூட ஆட்டவில்லை. கலியாண வீட்டு வாசலால் போய், கூப்பிட்ட குரலுக்கு மறுமொழி சொல்லாமல் போனேன்.

சரியான நேரத்துக்கு ஹோட்டல் போய்ச் சேர்ந்தோம். கதவு பூட்டியது, தண்ணீர் ஓடியது. நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

*

இரவு சாப்பாட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. இவர் குளித்து, புதுச் சேட்டுப் போட்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி முன்னால் ஏறினார். நான் பின்னால். வீடு நிறையச் சனம்.

புவனமக்கா இடியப்பம் போட்டபடியே சொன்னார்: "லண்டன் காசு வந்தால் காதும் கேக்காது போல."

"ஓம் அக்கா. கேக்கேல்ல."

"அப்பிடி என்ன இருக்கு அந்த ஹோட்டலில?"

"ஏசி. எனக்கு இப்ப ஏசி இல்லாமல் நித்திரை வராது."

அந்த அறையில் ஏசி இல்லை. கூரையில் ஒரு காற்றாடி இருந்தது, அதுவும் ஒரு பக்கம் சரிந்தது. சுவிஸிலிருந்து வந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "நாங்கள் எல்லாம் பாயில படுத்தும் உயிரோடதான் இருக்கிறம்." மற்றவள் சொன்னாள்: "அவர் நல்ல மனிசன். இவதான்."

இவதான். சரி, இவதான். சொதியை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன், இன்னும் இரண்டு இடியப்பம் கேட்டு வாங்கினேன். எல்லாரும் என்னையே பார்க்கட்டும். என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை இவரின் சேட்டை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். மூலையில் இவர் பெரியண்ணையின் மகளோடு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு என் பெயர் கெடுகிறதென்றால் கெடட்டும்.

தம்பி பல்கனிக்குப் போனபோது பெரியண்ணையும் போனார். அவர்கள் பேசியதை நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உனக்கு நான் என்னடா குறை வைச்சனான்?"

"ஒண்டும் இல்லை அண்ணை."

"பிறகு?"

கீழே சந்தைக்காரர் நிலம் கழுவுகிற சத்தம் கேட்டது.

*

கலியாணத்தன்று காலமை அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பட்டு வேட்டியோடு பெரியண்ணை. படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. இவர் கீழே விதவையிடம் சுடுதண்ணீர் கேட்கப் போயிருந்தார்.

"பிள்ளை, இண்டைக்காவது என்ர வீட்டில இருந்து வெளிக்கிடுங்கோ. கலியாணப் பெட்டையை வானில ஏத்தேக்க சித்தப்பன் பக்கத்தில நிக்கவேணும். உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

கும்பிடவும் செய்தார். என் மாமனார் ஸ்தானத்தில் இருப்பவர். "கட்டாயம் நிப்பார் பெரியண்ணை. இஞ்சை இருந்து வெளிக்கிட்டு அங்கை வந்து நிப்பார்," என்றேன். வேறென்ன சொல்ல?

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் கக்கூஸ் போகவேணும். வீட்டில வரிசை," என்றார்.

மறிக்க எனக்குத் தோன்றவில்லை. கதவு பூட்டியபிறகுதான் நினைவு வந்தது. தட்டில் புதுப் பைகள் அடுக்கியிருந்தன. கத்தரிக்கோல், பசை, ஆஸ்பத்திரிப் பெயர் ஒட்டிய பெட்டி, கழுவிக் காயவைத்த பட்டி. குப்பை வாளியில் காலமை மாற்றியது.

தண்ணீர் இழுத்த சத்தம் வரவில்லை. கனநேரம் குழாய் மட்டும் ஓடியது. வந்தபோது முகமெல்லாம் ஈரம், பட்டுச் சால்வையில் தண்ணீர் சொட்டியது. பெரியண்ணை தான் நிலம் துடைத்த அந்த வீட்டுக் கிழவியைக் கடைசி நான்கு வருடம் தூக்கிக் குளிப்பாட்டிப் பார்த்தவர். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கட்டிலைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார்.

"எப்ப?" என்றார்.

"மாசியில."

"இப்ப?"

"வெட்டி எடுத்தாச்சு. சோதிச்சுப் பாத்தவை. பரவாயில்லை."

"எனக்குத் தெரியாது. விளங்கிச்சோ? நான் இஞ்சை வரவே இல்லை."

வாசலில் செருப்புப் போடும்போது சொன்னார்: "நல்ல ஹோட்டல் பிள்ளை. பூட்டு நல்ல பூட்டு."

அன்று மண்டபத்தில் சுவிஸ்காரி திரும்பவும் ஏசிக் கதையைத் தொடங்கினாள். பெரியண்ணை நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார்: "என்ர வீட்டில ஆக்களை அடுக்கி வைக்க இடமில்லை. நான்தான் தம்பியை ஹோட்டலில விட்டனான். அதுகள் ஏதோ எனக்காகப் பொறுத்துக்கொண்டு இருக்குதுகள்." புவனமக்கா திரும்பிப் பார்த்தார். தம்பிக்கு வீட்டில் இடம் கொடாத அண்ணன் என்று அன்றைக்கு அந்த மண்டபத்தில் பேர் வாங்கினார், மகளின் கலியாணத்தன்று. இவர் மணவறைக்குப் பக்கத்தில் சித்தப்பாவாக நின்றார். அறுகரிசி போட்டார். படத்தில் நேராக நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காசு கொடுக்க மேசைக்குப் போனேன். விதவை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கையால் ஒரு தொப்பை காட்டி, மீசை காட்டினார். பெரியண்ணை.

விமான நிலையத்தில் காசை அவர் சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார். "என்ர ஊரில நீ ஹோட்டல் எடுத்தாய். நான் காசைக் கட்டினன். இப்ப அது என்ர வீடு. சரியோ? ஒருத்தரும் என்ர வீட்டுக்கு வெளியில படுக்கேல்ல."

இவர் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

லண்டன் வந்தபிறகு, இங்கே குட்மேய்ஸிலிருந்து பலேர்மோ போன ஒருவரிடம் அந்தக் காசைக் கொடுத்தனுப்பினேன். அதே ஆள் திரும்பி வரும்போது ஒரு பயத்தம்பணியாரப் பார்சல் கொண்டுவந்தார். அடியில், எண்ணெய்க் கடதாசிக்குள், என் காசு மடித்தபடி.

நான் கடன் வைத்துத் தூங்குகிற ஆள் இல்லை. கரண்ட் பில் வந்த அன்றே கட்டுகிறவள். ஆனால் இதைத் திரும்ப அனுப்பவில்லை, இனி அனுப்பவும் மாட்டேன். யார் கேட்டாலும் சொல்வேன், பெரியண்ணைக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது: இருநூற்றுப் பத்து யூரோ.